ஏழு மாதம் வெள்ளையடித்த வீடு

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதும் இருதயராஜுக்கு முதலில் வந்தது வாசனைதான். பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. எலிப் புழுக்கை நாறும், வௌவால் நாறும், ஓடு ஒழுகி ஊறிப்போன சுவர் நாறும் என்று அதற்கெல்லாம் தயாராகக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் நின்றான். வந்தது ஈரச் சுண்ணாம்பின் வாசனை. இப்போதுதான் தண்ணீர் ஊற்றி, கொதி அடங்கி, வடிகட்டி, ஒரு பிடி நீலம் கலந்து வைத்த சுண்ணாம்பு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் அந்தத் தெரு முழுக்க அடிக்கிற வாசனை, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில், நாளைக்கு விற்கப்போகிற வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

பக்கத்து வீட்டில் யாராவது அடிக்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டான். இடது பக்கம் காலி மனை, கருவேலம் மண்டிக் கிடந்தது. வலது பக்கம் எப்போதோ மூடிவிட்ட தண்ணீர் கேன் கம்பெனி. பக்கத்து வீடு என்று ஒன்றே கிடையாது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே கால் வைத்தான்.

வேலை ரொம்பச் சின்னது. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் விழுப்புரம் திரும்ப வேண்டும். "இடிக்கிற வீட்டுல சாமி படத்தை வுட்டுட்டு வந்தா பாவம்ங்க" என்று மனைவி கிளாரா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றதையெல்லாம் புரோக்கர் சேரன் பார்த்துக்கொள்வான். வாங்குகிற ஆள் புதுச்சேரிக்காரர். வங்கிக் கடனை அவரே கட்டிப் பத்திரத்தை மீட்டுக்கொள்வார், வீட்டை இடித்துக் குடோன் கட்டுவார், மிச்சத்தை இருதயராஜ் கையில் கொடுப்பார். நாளைக் காலை பதினோரு மணிக்குக் கையெழுத்து.

கையெழுத்துப் போடாமலும் இருக்கலாம். அதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. மகள் பிரின்சி சென்னையில் நர்சாக இருக்கிறாள். "நான் மாசாமாசம் கட்டிடறேன்ப்பா, அத்தை வீட்டை வித்துடாதீங்க" என்று போனில் அழுதாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த வீட்டை அடமானம் வைத்ததே அவளுடைய நர்சிங் படிப்புக்காகத்தான். வீடு இருதயராஜ் பேரிலும், அவனுடைய அக்கா லூர்து மேரி பேரிலும் இருந்தது. அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. "பொண்ணு படிக்கட்டும்டா" என்று சொல்லி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு அவன் வேலை பார்த்த அரிசி ஆலையை மூடினார்கள். தவணை நின்றது. வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்ட வருவதாக வங்கியிலிருந்து சொன்னார்கள்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். லூர்து மேரிக்கு மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. உள்ளங்கை இரண்டையும் தரையில் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, ஐம்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டுக்குள்தான் நடமாடினாள். வாசலில் ஒட்டுகிற நோட்டீஸ் சரியாக அவள் முகத்துக்கு நேராக இருக்கும். அதை அவள் படிக்கிற காட்சியை இருதயராஜால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் ஒரு பொய் சொன்னான். ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம், ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தினான். "வூட்டுக்கு வெள்ளையடிக்கப் போறோம்க்கா. தூசி உனக்கு ஆவாது. பத்து நாள் அங்க இருந்துட்டு வா" என்று சொல்லி, முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டான்.

பத்து நாள் ஏழு மாதமானது. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல் என்பார்களே, அப்படி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் போனில் வெள்ளையடித்தான்.

இப்போது கூடத்து ஜன்னலைத் திறந்தான். மழை வருகிற மாதிரி வெளியே மூடிக் கிடந்தாலும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. கூரையில் நாலைந்து இடத்தில் ஓடு சரிந்திருந்தது. தரையெல்லாம் காரை. சுவரைப் பார்த்தான்.

கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது.

மேல்பாதி பழைய சுவர்தான், பழுத்து, பாசி பிடித்து, மழைத் தண்ணீர் வடிந்த கோடுகளோடு. அவன் இடுப்பு உயரத்துக்குக் கீழே மட்டும் புதுச் சுண்ணாம்பு. நாலு சுவரிலும், மூலை முடுக்கு விடாமல், தரையிலிருந்து ஒரே அளவாக. விரலால் தொட்டான். ஈரம் ஒட்டியது. சுண்ணாம்பு அடிக்கிற மட்டையின் நார் இழுத்த தடம் கோடு கோடாக இருந்தது. அந்தக் கோடுகள் எல்லாம் கீழேயிருந்து மேலே எழும்பி, எட்டுகிற வரைக்கும் எட்டி, நின்றுபோயிருந்தன.

சேரனுக்குப் போன் போட்டான்.

"சேரா, வீட்டுக்கு ஆள் கீள் அனுப்பிச்சியா? யாரோ சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க."

சேரன் சிரித்தான். "இடிக்கப் போற வூட்டுக்கு எவன்னா சுண்ணாம்பு அடிப்பானா சார்? சாவி ஒங்க கையிலதான கீது. பேஜாரு பண்ணாம படத்தை எடுத்துக்கினு ஜல்தி கெளம்புங்க. மழை வருது."

நியாயமான பேச்சு. சாவி ஒன்றுதான், அது அவன் கையில்தான் இருந்தது. குடிகாரப் பசங்க எவனாவது ஓட்டைப் பிரித்து இறங்கியிருப்பான் என்று அடுத்த சமாதானத்தைத் தேடிக்கொண்டான். ஓட்டைப் பிரித்து இறங்குகிறவன் கம்பி திருடுவான், கதவு திருடுவான். வாளியில் சுண்ணாம்பு கலந்துகொண்டா இறங்குவான்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அவனுக்கு அக்காவின் குரல்தான் ஞாபகம் வந்தது.

"வேல எதுவரைக்கும்டா வந்துகீது?" என்பாள், போனை எடுத்ததும். சாப்பிட்டாயா என்றுகூட அப்புறம்தான் கேட்பாள்.

"கூடம் முடிஞ்சிடுச்சுக்கா" என்று முதல் மாதம் சொன்னான். மரக்காணத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்புதானே, பழைய புடவையில் வடிகட்டினானா, நீலம் ஒரு பிடிக்கு மேல் போடவில்லையே என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவனும் ஆமாம் ஆமாம் என்று அளந்துவிடுவான். விழுப்புரத்தில், தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

படம் நடுச்சுவரில் மேலே இருந்தது. ஏறிக் கழற்றுவதற்கு ஒரு ஸ்டூல் வேண்டும். ஸ்டூல் சமையலறையில் இருக்கும். போகலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றான். ஐம்பத்து நாலு வயசு ஆண்பிள்ளை, பிறந்து வளர்ந்த வீட்டின் சமையலறைக்குப் போகப் பயந்தான் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். போனான்.

சமையலறையிலும் இடுப்பு வரைக்கும் வெள்ளை. இங்கே கனமாக இருந்தது. ஒரு பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு. அடுப்புக்குப் பின்னால் புகைக் கறை மட்டும் சுண்ணாம்பையும் மீறி மஞ்சளாகத் தெரிந்தது.

"சமையல்கட்டுல ரெண்டாவது கோட்டிங் குடுத்தும் புகைக் கறை போவ மாட்டேங்குதுக்கா." மார்ச் மாதம். அவன் சொன்ன வார்த்தைதான்.

ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்தான். நினைக்கும்போதே திரும்பிவிட்டான்.

அக்கா சமையல்கட்டு ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்ட் கேட்டிருந்தாள். ஈஸ்டர் சமயத்தில், நாளை இழுப்பதற்கு வேறு சாக்கு கிடைக்காமல், அவன் ஒரு கதை கட்டினான். பெயிண்ட் அடிக்கிறவன் பச்சைக்குப் பதில் நீலத்தை அடித்துவிட்டான், சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும் என்றான். அக்கா ஒரு வாரம் அந்தப் பெயிண்டரைத் திட்டித் தீர்த்தாள். அப்படி ஒரு பெயிண்டர் கிடையாது. அப்படி ஒரு நீலமும் கிடையாது. இந்தக் கதையைக் கிளாராவிடம்கூட அவன் சொன்னதில்லை. அதைச் சொன்னவன் அவன், கேட்டவள் அக்கா, மூன்றாவது ஆள் இல்லை.

ஜன்னலின் அடிக்கம்பி மூன்றும் நீலமாக இருந்தன. நாலாவது கம்பியிலிருந்து மேலே துரு.

ஸ்டூலை மறந்துவிட்டான். படத்தையும் மறந்துவிட்டான். வெளியே போய்விட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. கூடத்துக்கு வந்து, வாசலைப் பார்த்து நாலு எட்டு வைத்திருப்பான்.

தட். சரக்.

நின்றான்.

தட். சரக்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். உள்ளங்கை இரண்டும் தரையில் ஊன்றுகிற சத்தம், பிறகு உடம்பு இழுபடுகிற சத்தம். பள்ளிக்கூட நாளில் காலையில் அவனை எழுப்பியது கோழி இல்லை, இதுதான். அடுப்பு மூட்ட அக்கா வருகிறாள் என்று அர்த்தம். நடைக்கு அந்தப் பக்கம், அக்காவின் அறையிலிருந்து வந்தது. கதவு சாத்தியிருந்தது.

பிறகு வேறொரு சத்தம். சுவரில் மட்டை இழுபடுகிற சத்தம். சளப்பென்று தொட்டு, சர்ரென்று மேலே போய், நின்றது. மறுபடி சளப். மறுபடி சர்ர்.

"ஒன் ரூமு மட்டும்தான்க்கா பாக்கி. அது முடிஞ்சதும் வந்து கூட்டிக்கினு போறேன்." அதுதான் அவன் அக்காவிடம் கடைசியாகச் சொன்னது. ஆகஸ்ட் மாதம், மாதா திருநாளுக்கு நாலு நாள் முன்னால். அன்றைக்கு அவள் சுண்ணாம்பைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "சரிடா ராஜு, நீ எப்ப முடிக்கிறியோ முடி" என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நாளில் மூச்சுத் திணறல் வந்து, ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டாள்.

செத்தவளையாவது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். எவ்வளவு ஏழையானாலும், சொந்த வீட்டுக் கூடத்தில் ஒரு ராத்திரி வைத்து, ஜெபமாலை சொல்லி, அந்த வாசல் வழியாகத்தான் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். கொண்டுவந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள். கதவில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் படிப்பார்கள். சாமியார் கேட்டார், "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலையாப்பா?" என்று. இருதயராஜ் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "வூட்ல வெள்ளையடிச்சிக்கினு இருக்காங்க ஃபாதர். உள்ள வைக்க எடம் இல்ல."

இல்லத்திலிருந்து நேரே கல்லறைக்கு. பெட்டியை இறக்கும்போது அவனுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை போன் இல்லை, விற்பதற்கு அவள் கையெழுத்து வேண்டாம் என்று. அந்த நிம்மதிக்காக அவன் அன்றிலிருந்து இன்று வரை ஒரு ராத்திரி ஒழுங்காகத் தூங்கியதில்லை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அதை அவன் சொல்லவில்லை.

சளப். சர்ர்.

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. வெளியே அவனுடைய பைக் நின்றது. மழை தூற ஆரம்பித்திருந்தது. பத்து அடி நடந்தால் தெரு. யாரும் அவனைப் பிடித்து வைக்கவில்லை. போயிருக்கலாம். போயிருந்தால் நாளைக்குப் பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பான். அதற்கப்புறம் புல்டோசர் வந்து நீலக் கம்பியையும் வெள்ளைச் சுவரையும் ஒன்றாக வாரிக்கொண்டு போயிருக்கும். இதையெல்லாம் அவன் நினைக்கத்தான் செய்தான். ஆனால் காலம் முழுக்க ஓடி ஒளிந்தவனுக்கும் ஒரு இடத்தில் கால் ஓயும். அந்தச் சுவரில் எட்டுகிற வரைக்கும் எட்டி நின்றுபோன கோடுகள் அவன் நெஞ்சைப் பிசைந்தன. தனியாக. தரையில் உட்கார்ந்துகொண்டு. அவன் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் அவனுக்காக மெய்யாக்கிக்கொண்டு.

நடையில் நடந்தான். நடையிலும் வெள்ளை. ஜூன் மாதம் சொன்னது.

அக்காவின் அறைக் கதவுக்கு முன்னால் நின்றான். கதவுக்கு அடியில் சுண்ணாம்புத் தண்ணீர் கசிந்து வந்து அவன் செருப்பைத் தொட்டது. உள்ளே மட்டைச் சத்தம் நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும். இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. வேலை செய்து களைத்துப்போனவர்கள் விடுகிற மூச்சு.

சொல்லிவிட வேண்டும். இப்போதாவது. வீட்டை வங்கியிலிருந்து மீட்க முடியவில்லைக்கா. உன்னை ஏமாற்றித்தான் கொண்டுபோய் விட்டேன். நாளைக்கு விற்கப்போகிறேன். மூன்றே வாக்கியம். மூன்றும் தொண்டை வரைக்கும் வந்தன. "அக்கா" என்று கூப்பிட்டான்.

மூச்சு நின்றது. காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

அவன் வாயைத் திறந்தான். ஏழு மாதம் பழகிய வாய்.

"முடிஞ்சிடுச்சுக்கா," என்றான். "எல்லாம் முடிஞ்சிடுச்சு. வா, கூட்டிக்கினு போறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

உள்ளே வாளி நகர்ந்தது. தட். சரக். தட். சரக். கதவை நோக்கி. அவசரம் இல்லாமல். அவன் கையை நீட்டவில்லை. தாழ்ப்பாள் தானாகத் தூக்கிக்கொண்டது, அது எப்போதுமே லூஸ். கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டு. அந்த இருட்டில், அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், எதுவோ வெள்ளையாக அசைந்தது.

பார்க்கக் கூடாது.

திரும்பிக்கொண்டான். வாசலைப் பார்த்து ஓடத்தான் திரும்பினான். ஆனால் முதுகு காட்டிய அந்த நொடியில் உடம்பு தானாகக் குனிந்தது. முழங்கால் மடங்கியது. கை இரண்டும் பின்னால் போய் நின்றன. எட்டாவது படிக்கிற காலத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அக்காவைத் தூக்கிப் போகிறவன் அவன்தான். "வா" என்று சொன்னால் அவன் குனிவான், அவள் ஏறிக்கொள்வாள். உடம்புக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. நிமிர முயன்றான். முடியவில்லை.

முதலில் கைகள். தோளுக்கு மேலாக இரண்டு கை வந்து, நெஞ்சில் கோத்துக்கொண்டன. முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. ஈரம் சட்டையில் ஊறி, தோலைத் தொட்டு, சுட்டது. அப்புறம் கனம். மூன்று மாதம் மண்ணுக்கடியில் இருந்த கனம். பின்னால் நீட்டிய அவன் கைக்குள் இரண்டு கால் வந்து விழுந்தன. சூம்பிய கால். விரலால் சுற்றிப் பிடித்தால் அடங்குகிற கால். எத்தனையோ தடவை பிடித்த கால்.

கன்னத்துக்குப் பக்கத்தில் மூச்சு. மண் வாசனை.

எழுந்தான். எழ வேண்டியிருந்தது. வாசலைப் பார்த்து ஒரு அடி வைத்தான். நெஞ்சில் கோத்த கை இறுகியது. இன்னொரு அடி. இன்னும் இறுகியது. மூச்சு முட்டியது. சுவர் பக்கமாகக் கொஞ்சம் திரும்பினான். கை தளர்ந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. பிரின்சியாக இருக்கலாம், சேரனாக இருக்கலாம். எடுக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் அக்காவின் கால்கள். விட்டால் விழுந்துவிடுவாள் என்ற பயம்தான் அந்த நேரத்திலும் அவனுக்கு வந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

கூடத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நெஞ்சிலிருந்த கைகளில் ஒன்று மட்டும் கழன்றது. தலைக்கு மேலே போனது. இடுப்பு உயரத்தில் நின்றுபோன வெள்ளைக்கு மேலே, அவள் ஐம்பத்தெட்டு வருஷம் எட்டித் தொடாத உயரத்தில், பழுத்துப்போன சுவரில், சளப்பென்று மட்டை தொட்டது. சர்ரென்று மேலே போனது. நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

ஒரு சொட்டு அவன் கண்ணில் விழுந்தது. எரிந்தது. துடைக்க முடியவில்லை.

"கிட்டப் போடா ராஜு," என்றாள் அக்கா. கோபமில்லாத குரல். பூசைக்கு நேரமாகிவிட்டால் சொல்வாளே, அந்தக் குரல். "எட்டல."

இருதயராஜ் சுவரை ஒட்டி நின்றான். கூடத்து நாலு சுவர், சமையலறை, நடை, அறை, எல்லாவற்றிலும் மேல்பாதி பாக்கி. தலைக்கு மேலே மட்டை இழுபட்டது. ஒரு சாண் முடிந்ததும் காதுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கியது. அவன் பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்தான்.